டெட்டனஸ் ஊசி விமர்சனம்: சரக்கு நல்லது, நாம் போட்டுக்கொள்ளும் விதம்தான் சரியில்லை

மதிப்பெண்ணை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன், முழுசாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு போய்விடலாம். டெட்டனஸ் தடுப்பூசிக்கு ஐந்துக்கு நாலரை. அதை எனக்குப் போட்டுவிட்ட முதல் கிளினிக்குக்கு ஒன்று, அந்த ஒன்றும் ஊசி புதுசாகப் பிரித்ததாக இருந்ததற்காக. மறுநாள் போன இரண்டாவது இடத்துக்கு ஐந்துக்கு ஐந்து. எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் மதிப்பெண் இரண்டு. ஏன் என்று சொல்கிறேன்.

பழைய மர அலமாரி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத்துப் பலகையைக் கழற்றி, ஆணிகள் மேலே பார்த்து நிற்க அப்படியே தரையில் போட்டுவிட்டு, சுத்தியல் எடுக்கப் போய்த் திரும்பி வந்து அதன்மேலேயே வலது காலை வைத்தேன். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் இறங்கியது. பிடுங்கிப் பார்த்தால் ஒரு சின்னப் புள்ளி, ரத்தம் ஏதோ இரண்டு சொட்டு. நல்லவேளை, பெரிசாக ஒன்றுமில்லை என்று நினைத்தேன். அங்கேதான் முதல் கோட்டை விட்டேன்.

ரத்தம் வராத குத்துக்காயம்தான் டெட்டனஸ் கிருமிக்குப் பிடித்த இடமாம். கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்று பெயர். இதற்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆகாது. கத்தி பட்டு அகலமாக வெட்டிய காயத்தில் ரத்தம் ஓடிக் கழுவிக்கொண்டு போகும், காற்றும் படும், கிருமிக்குச் சுகப்படாது. ஆணி குத்தினால் வாய் சின்னது, ஆழம் அதிகம். மேல்தோல் சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும், உள்ளே நசுங்கிச் செத்த சதை, அதோடு போன மண்ணு, செருப்புத் துணுக்கு எல்லாம் சேர்ந்து காற்றுப்புகாத அறையாகிவிடும். பார்க்கப் பயமுறுத்துகிற காயமும் உண்மையிலேயே பயப்பட வேண்டிய காயமும் ஒன்றாக இருப்பதில்லை, இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

குழாயில் காலைக் கழுவினேன், சோப்பு போடவில்லை, ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். வாசலிலேயே "ஆணி குத்திடுச்சு" என்றதும் உள்ளே கூப்பிட்டு, "டிடி தானே? சட்டைக் கையை மடிங்க" என்று போட்டு, பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மொத்தம் இரண்டு நிமிடம். காலை யாரும் பார்க்கவே இல்லை. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை! வெளியே வரும்போது எனக்கு என்னவோ பெரிய வேலை முடிந்த திருப்தி, இவ்வளவு சீக்கிரம் வேலை நடக்கிறதே என்று மனசுக்குள் பாராட்டவும் செய்தேன்.

மறுநாள் காலையில் பாதத்தை ஊன்ற முடியவில்லை. சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. இந்தமுறை வேறு இடம். அங்கே இருந்த டாக்டர் அம்மா முதலில் காலைத்தான் பார்த்தார். மரத்துப்போக ஊசி போட்டு, காயத்தின் வாயைக் கொஞ்சம் திறந்து, உள்ளே தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவினார். ஒரு கறுப்புத் துணுக்கு வந்தது. என் செருப்புதான். அதை ஒரு பஞ்சில் வைத்துக் காட்டிவிட்டு, "டெட்டனஸ் ஊசி?" என்றார்.

"நேத்தே போட்டாச்சு டாக்டர்."

"நேத்துப் போட்டதைக் கேட்கலை. அதுக்கு முன்னாடி கடைசியா எப்போ போட்டீங்க? மொத்தம் எத்தனை போட்டிருப்பீங்க?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை விழுந்திருப்பேன், எத்தனை தடவை ஊசி போட்டிருப்பார்கள், ஒருவர்கூடக் கேட்டதில்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன். "சின்னதுல எல்லாமே போட்டோம்டா" என்றார். கார்டு? "வீடு மாறினப்போ எங்கேயோ போயிடுச்சு." டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, எழுத்தில் இல்லாத ஊசியைப் போட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார். அழுக்கான குத்துக்காயம், முன்கணக்கு தெரியாது. ஆகவே நேற்றுப் போட்ட ஊசி மட்டும் போதாது, இன்னொரு மருந்தும் வேண்டும், நேற்றே போட்டிருக்க வேண்டும் என்று சொல்லி அடுத்த கையை மடிக்கச் சொன்னார்.

எனக்குக் குழப்பம். நேற்றுப் போட்டது பின்னே எதற்கு? அவர் கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னதை வீட்டுக்கு வந்து தேடிப் படித்துப் புரிந்துகொண்டேன்.

நாம் "டிடி" என்று சொல்கிற தடுப்பூசி ஒரு டாக்ஸாய்டு. கிருமி விடுகிற நஞ்சை எடுத்து, ஃபார்மால்டிஹைடு போட்டுப் பல்லைப் பிடுங்கின பாம்பு மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். நஞ்சின் உருவம் இருக்கும், கடிக்காது. இதை உடம்புக்குக் காட்டினால், "ஓ, இப்படித்தான் இருக்குமா" என்று பார்த்து உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கும். பிரச்சினை என்னவென்றால் முதன்முறை பார்க்கிற உடம்பு இதற்கு வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும், அதுவும் ஒரே தவணையில் போதுமான அளவு வராது. காயம் பட்டதிலிருந்து நோய் தலைகாட்ட 3 முதல் 21 நாள், சராசரியாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக இன்றைக்கு இந்த ஊசியைப் போட்டுக்கொள்பவருக்கு இன்றைய காயத்துக்கு இது பெரிசாக உதவாது. இனிமேல் படப்போகும் காயத்துக்குத்தான் இது அட்வான்ஸ். ஏற்கெனவே மூன்று தவணை முறையாகப் போட்டவர் என்றால் கதையே வேறு. அந்த உடம்புக்குப் பழைய ஞாபகம் இருக்கும், பூஸ்டர் பட்டதும் சில நாட்களிலேயே எதிர்ப்பொருளைக் கொட்டித் தள்ளிவிடும்.

இரண்டாவது கையில் போட்டது இம்யூனோகுளோபுலின். இது உடம்புக்குப் பாடம் எதையும் சொல்லித் தருவதில்லை. நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ள மனிதர்கள் தானமாகக் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருளைத் தயாராகவே கொண்டுவந்து ஊற்றுவது. எனக்குப் போட்டது 250 யூனிட். போட்டதும் காவல் ஆரம்பம், ஆனால் இரவல் காவல். சில வாரங்களில் கரைந்துவிடும். அதற்குள் தடுப்பூசி தன் வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே சிரிஞ்சில் போடக் கூடாது, அதனால்தான் இரண்டு கை. முன்பெல்லாம் இது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரமாக இருந்தது. பலருக்கு ஒவ்வாமை வந்து படுத்திவிடும், அந்த வகையில் நான் கொஞ்சம் லேட்டாகப் பிறந்தது நல்லதுதான்.

இம்யூனோகுளோபுலின் எல்லாருக்கும் வேண்டியதில்லை. மூன்று தவணைக்குக் குறைவாகப் போட்டவர், அல்லது என்னைப் போலக் கணக்கே தெரியாதவர், அதோடு காயமும் அழுக்கானதாகவோ ஆழமானதாகவோ இருந்தால்தான். எச்ஐவி மாதிரி நோயால் எதிர்ப்புச் சக்தி ரொம்பவும் குறைந்திருப்பவர்களுக்கு மட்டும், அழுக்கான காயம் என்றால் முன்கணக்கு எப்படி இருந்தாலும் இதைப் போடச் சொல்கிறார்கள். மற்றவர்களுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது, இதை ஏன் எல்லாக் கிளினிக் சுவரிலும் எழுதி ஒட்டக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று தவணை முடித்தவருக்குச் சுத்தமான சின்னக் காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் மட்டும் ஒரு பூஸ்டர். மண், சாணம், எச்சில் பட்ட காயம், குத்துக்காயம், நசுங்கல், தீக்காயம் இப்படியென்றால் 5 வருடம் ஆகியிருந்தாலே பூஸ்டர். அதற்குள் போட்டிருந்தால் ஒன்றும் வேண்டாம், காயத்தை நன்றாகக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரே ஒரு தகவல் வேண்டும், கடைசித் தேதி. அது நம் யாரிடமும் இல்லை.

இல்லாததால் என்ன நடக்கிறது என்றால், ஒரு பக்கம் போட வேண்டியவர்களுக்குப் பாதி வேலை நடக்கிறது, இன்னொரு பக்கம் வேண்டாதவர்களுக்குத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். என் நண்பன் ஒருவன் தச்சுவேலை செய்பவன், வருடத்துக்கு இரண்டு தடவையாவது கையைக் கிழித்துக்கொள்வான், ஒவ்வொரு தடவையும் ஒரு டிடி. கேட்டால் "இருந்துட்டுப் போகட்டும், நல்லதுதானே" என்பான். நல்லது இல்லை. ஏற்கெனவே எதிர்ப்பொருள் நிறைய இருக்கிற உடம்பில் மேலும் மேலும் போட்டால் ஊசி போட்ட கை தோளிலிருந்து முழங்கைவரை வீங்கிச் சிவந்துவிடலாம், ஆர்த்தஸ் ரியாக்‌ஷன் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. அவனுக்குப் போன தடவை கை வீங்கியபோது ஊசி போட்டவரைத் திட்டினான். திட்ட வேண்டியவர் அவர் மட்டும் இல்லை.

பெயர் விஷயத்தில் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். பழைய ஊசி டெட்டனஸுக்கு மட்டுமானது, ஆங்கிலச் சுருக்கத்தில் (TT) இரண்டும் ஒரே எழுத்து. இப்போது பல இடங்களில் போடுவது டெட்டனஸோடு கொஞ்சம் டிப்தீரியாவும் (தொண்டை அடைப்பான் நோய்) சேர்ந்தது, அதில் (Td) இரண்டாவது எழுத்து வேறு. டிப்தீரியாவுக்கான எதிர்ப்பும் வயதாக ஆகக் குறைகிறது என்பதால் உலக சுகாதார நிறுவனம் 1998லேயே இந்த மாற்றத்தைப் பரிந்துரைத்துவிட்டது. ஆனால் இரண்டையும் தமிழில் எழுதினால் "டிடி", "டிடி". எது எது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை! என் சீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. அதனால் சீட்டில் மருந்தின் முழுப் பெயரை எழுதச் சொல்லுங்கள், முடிந்தால் குப்பியில் ஒட்டியிருக்கும் எண்ணையும்.

குப்பி என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டாவது தவணைக்குப் போனபோது விமர்சனம் எழுதப் போகிறோமே என்று கொஞ்சம் வெட்கத்தை விட்டு, "குப்பியை ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கேட்டேன். நர்ஸ் சிரித்துக்கொண்டே காட்டினார். உள்ளே கலங்கலான வெள்ளைத் திரவம், குலுக்கினால் ஒரே சீராகக் கலந்துவிடுகிறது. இதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். சூடு ஆகாது என்று எல்லாருக்கும் தெரியும், உறைந்தாலும் கெட்டுவிடும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. இதில் அலுமினிய உப்பு ஒன்று சேர்த்திருக்கிறார்கள், உடம்பின் கவனத்தை இழுப்பதற்காக. ஒருமுறை உறைந்து உருகினால் அது திரிதிரியாகப் பிரிந்து சீக்கிரம் அடியில் படிந்துவிடும், அப்புறம் அந்த ஊசி தண்ணீருக்குச் சமம். சில குப்பிகளின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வெளுப்பாக இருக்கிறவரை பரவாயில்லை, சூடு பட்டுப் பட்டுக் கறுத்து வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி யாரோ யோசித்திருக்கிறார்கள், அந்த யோசனைக்கே தனியாக ஒரு ஸ்டார் கொடுக்கலாம்.

வலியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: குத்தும்போது ஒன்றுமே இல்லை. ஆனால் அன்று இரவு கையைத் தூக்கிச் சட்டையைக் கழற்றும்போது தெரிந்தது. இரண்டு நாள் கனமாக வலித்தது, போட்ட இடத்தில் ஒரு சின்னக் கட்டி, லேசான உடம்புச் சூடு. தேய்க்காதீர்கள். இம்யூனோகுளோபுலின் கொஞ்சம் கெட்டியான மருந்து, இறங்கும்போதே உணர்ந்தேன். போட்டபின் பதினைந்து நிமிடம் உட்காரச் சொன்னார்கள், கடுமையான ஒவ்வாமை மிக மிக அரிது என்றாலும் வந்தால் அந்த நேரத்துக்குள்தான் பெரும்பாலும் வருமாம். முதல் கிளினிக்கில் பஞ்சு காய்வதற்குள் துரத்திவிட்டார்கள் என்பதை இங்கே மறுபடி பதிவு செய்கிறேன்.

இப்போது துருவைப் பற்றி. என்னைப் பார்க்க வந்த அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி, "ஆணி துருப்பிடிச்சதா?" அந்த ஆணி பளபளவென்றுதான் இருந்தது. துருவுக்கும் டெட்டனஸுக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் இல்லை. இரும்பு துருப்பிடிக்கிற அளவுக்கு வெளியில் கிடந்தால் மண்ணும் தூசியும் சாணமும் படும், துருவின் சொரசொரப்பில் அவை ஒட்டிக்கொள்ளும், அந்த வகையில்தான் அதற்குக் கெட்ட பெயர். கிருமி இருப்பது மண்ணில், தூசியில், குதிரை மாடு போன்ற விலங்குகளின் குடலில், சாணத்தில். அங்கே அது ஸ்போர் என்ற உறை போட்ட வித்து வடிவத்தில் வருடக்கணக்காகத் தூங்கும். கொதிக்கிற தண்ணீரையும் தாக்குப்பிடிக்கும். ஆஸ்பத்திரியில் கருவிகளை 121 டிகிரி நீராவியில் அழுத்தத்தோடு வேகவைப்பது இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான். ஆகவே ஒரு ரோஜா முள்ளுக்கு, தோட்டத்து மண்வெட்டிக்கு, மரச் சிராய்க்கு, புது ஆணிக்கு எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. "துரு இல்லை, பரவாயில்லை" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

சரி, அப்படி என்ன நோய் அது, ஒரு ஆணிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்டால், பழைய பெயரைப் பாருங்கள்: தனுர்வாதம். தனுசு என்றால் வில். உடம்பு பின்பக்கமாக வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் படுக்கையில் பட, நடுவுடம்பு வில்லாகத் தூக்கிக்கொள்ளும். பெயர் வைத்தவர் நேரில் பார்த்திருக்கிறார். கிருமி காயத்திலேயே தங்கிவிடும், ஊருக்குள் போவது அதன் நஞ்சு மட்டும்தான். அது நரம்பைப் பிடித்துக்கொண்டே ஏறித் தண்டுவடத்துக்குப் போய், தசையை "போதும், விடு" என்று தளர்த்தச் சொல்கிற சேதி போகாமல் செய்துவிடும். இறுக்கச் சொல்கிற சேதி மட்டும் போய்க்கொண்டே இருக்கும். முதலில் தாடை இறுகும், வாயைத் திறக்க முடியாது. முகத் தசைகள் இழுத்து ஒரு கொடூரமான சிரிப்பு மாதிரி தெரியும். அப்புறம் கழுத்து, விழுங்கும் தசைகள், வயிறு, முதுகு. கதவு சாத்துகிற சத்தம், யாரோ தொடுவது, விளக்குப் போடுவது, எது வேண்டுமானாலும் அடுத்த இழுப்பைக் கிளப்பிவிடும், எலும்பே முறிகிற அளவுக்கு. இதில் என்னை ரொம்ப உலுக்கியது, இத்தனைக்கும் நோயாளிக்கு முழு நினைவு இருக்கும் என்பது.

ஒருவரைக் கொல்ல இந்த நஞ்சு எவ்வளவு வேண்டும் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது: உடம்பு எடையில் கிலோவுக்கு 2.5 நானோகிராம். 60 கிலோ ஆளுக்கு 150 நானோகிராம். ஒரு மணல் துகளின் எடையில் மிகச் சிறிய பங்குதான் இது. இவ்வளவு குறைவாக இருப்பதால் இன்னொரு விசித்திரமும் உண்டு. இந்த நோய் வந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்புச் சக்தி வருவதில்லை, உடம்பு கவனிக்கிற அளவுக்கு நஞ்சு இருப்பதே இல்லை. பிழைத்து எழுந்தவருக்கும் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். ஏறிக்கொண்ட நஞ்சை நரம்பிலிருந்து பிரித்தெடுக்க மருந்து கிடையாது, இம்யூனோகுளோபுலின்கூட நரம்பில் ஒட்டாமல் சுற்றிக்கொண்டிருப்பதைத்தான் பிடிக்கும். ஒட்டியது தானாகச் சரியாக வாரங்கள், மாதங்கள் ஆகும், அதுவரை இருட்டறையில், தசை தளர்த்தும் மருந்தில், பலருக்கு மூச்சு இயந்திரத்தில். நவீனத் தீவிர சிகிச்சை இருந்தும் பத்தில் ஒருவர் இருவர் இறந்துபோகிறார்கள். இத்தனையையும் அரை மில்லி மருந்து தடுக்கிறது, இதற்குமேல் நல்ல சரக்கு எங்கே கிடைக்கும்?

இந்தச் சரக்கின் கதையும் சுவாரசியமானதுதான், நீட்டாமல் சொல்கிறேன். 1884ல் இது காயத்திலிருந்து தொற்றுகிற நோய் என்று முயல்களில் நிரூபித்தார்கள், அதே வருடம் மண்ணைச் செலுத்தியும் வரவைத்துக் காட்டினார்கள். ஜப்பானியரான கிட்டசாட்டோ 1889ல் கிருமியைத் தனியாக வளர்த்தார், அடுத்த வருடம் பெரிங்கோடு சேர்ந்து எதிர்நஞ்சைக் கண்டறிந்தார். 1920களில் டாக்ஸாய்டு வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் அத்தனை பேருக்கும் போட்டார்கள். காயத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவை 27 லட்சத்துக்கும் மேல், அதில் டெட்டனஸ் வந்தது 12 பேருக்கு. குதிரைச் சாணமும் சேறும் வெடிகுண்டுமாக இருந்த போர்க்களங்களில்! அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது கர்ப்பிணிகளுக்குப் போடுகிற ஊசி. சுத்தமில்லாத கருவியால் தொப்புள்கொடியை வெட்டுவதால் பச்சிளம் குழந்தைகளுக்கு இந்த நோய் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 1988ல் 7,87,000 குழந்தைகள் இப்படி இறந்திருக்கிறார்கள், 2018ல் அது சுமார் 25,000. அம்மா போட்டுக்கொள்கிற ஊசி குழந்தையின் முதல் மாதங்களையும் காக்கிறது. அரை மதிப்பெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறேனே என்று இங்கே எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பிடித்து வைத்ததற்குக் காரணம் இதுதான். மற்ற தடுப்பூசிகள் சிலவற்றில் ஊரில் பெரும்பாலானவர்கள் போட்டிருந்தால் போடாதவரும் தப்பித்துக்கொள்வார், நோய் அவரிடம் வந்து சேராது. இது ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை, மண்ணிலிருந்து வருகிறது. ஊரே போட்டிருந்தாலும் நான் போடாவிட்டால் எனக்கு ஒரு பலனும் இல்லை. அப்படி இருக்கும்போது வளர்ந்தவர்களுக்கு மூன்று தவணை, முதலாவதற்கு நான்கு வாரம் கழித்து இரண்டாவது, அதற்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மூன்றாவது, அப்புறம் 10 வருடத்துக்கு ஒன்று என்றால் யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? ஊசியின் குறை என்றும் சொல்ல முடியாது, ஊசிக்கு வாய் இல்லை. ஆனால் போட்டுவிடுகிற இடமாவது "அடுத்தது இந்தத் தேதி" என்று ஒரு சீட்டு கொடுக்கலாமே. முதல் கிளினிக்கில் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

காயத்தைக் கழுவுவது பற்றிக் கொஞ்சம். டாக்டர் சொன்னது, ஊசி இரண்டாவது வேலை, கழுவுவதுதான் முதல் வேலை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு, எரிந்தாலும் பரவாயில்லை, சில நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் எடுக்க வேண்டும், எடுக்க வராவிட்டால் குடையாமல் போய்க் காட்ட வேண்டும். நுரைக்கிற பெராக்சைடை ஊற்றுவது எனக்கும் பிடித்த வேலைதான், புஸ்ஸென்று பொங்கும்போது ஏதோ நடக்கிற மாதிரி இருக்கும்; அது நல்ல சதையையும் சேர்த்து அரிக்கிறது, ஆழத்துக்கும் போவதில்லை. கையில் கிடைத்த பொடியை வைத்துக் காயத்தை அடைப்பது, காற்றுப்படாமல் இறுக்கிக் கட்டுவது எல்லாம் கிருமிக்குப் படுக்கை விரித்துக் கொடுப்பதுதான். எனக்கு ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார், ஆனால் அது சிவந்து வீங்கினதற்காக, செருப்பைத் துளைத்துப் போகிற ஆணி வேறு சில கிருமிகளையும் கொண்டுபோய் எலும்புவரை சேர்த்துவிடும் என்பதற்காக. மாத்திரை சாப்பிட்டால் டெட்டனஸ் ஊசி வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்றும் சொன்னார்.

அப்புறம் அந்த 24 மணி நேரக் கதை. ஒரு நாள் தாண்டிவிட்டால் போட்டுப் பயனில்லை என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். சீக்கிரம் போடுவது நல்லது, உண்மைதான். ஆனால் மூன்று நாள் ஆகிவிட்டது, ஒரு வாரம் ஆகிவிட்டது என்று போகாமல் இருந்துவிடாதீர்கள், தாமதமானாலும் போட வேண்டியதைப் போடத்தான் செய்கிறார்கள். எனக்கே இம்யூனோகுளோபுலின் ஒரு நாள் கழித்துத்தான் கிடைத்தது. மாறாக, தாடை இறுகுகிறது, விழுங்க முடியவில்லை, கழுத்து விறைக்கிறது என்றால் அது ஊசி போட்டுக்கொண்டு வருகிற கட்டம் இல்லை, நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. நாய், பூனை கடித்திருந்தால் ரேபிஸ் என்ற தனிக் கணக்கு இருக்கிறது, டிடி போட்டாச்சு என்று அதை விட்டுவிடாதீர்கள்.

எனக்கு நான் ஏன் இரண்டே மதிப்பெண் போட்டுக்கொண்டேன் என்று இப்போது புரிந்திருக்கும். ஆணியைத் தட்டாமல் போட்டேன், சோப்பில்லாமல் கழுவினேன், காலைக் காட்டாமலே ஊசியை வாங்கிக்கொண்டு திரும்பினேன். இரண்டு மதிப்பெண்ணும் மறுநாள் வேறு இடத்துக்குப் போனதற்காக. அந்தப் பலகையில் மிச்சம் இருந்த ஆணிகளைக் கால் சரியானதும் தட்டி மடக்கினேன், எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.

பின்குறிப்பு: மூன்றாவது தவணையை நேற்றுப் போட்டுக்கொண்டேன், அதனால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். இந்தமுறை ஒரு புது நர்ஸ். சிரிஞ்சை எடுப்பதற்கு முன்னால், "கடைசியா எப்போ போட்டீங்க?" என்று கேட்டார். போனில் படம் பிடித்து வைத்திருந்த சீட்டை எடுத்து, இரண்டு தேதிகளையும் காட்டினேன். அவர் மூன்றாவதை எழுதி, பக்கத்தில் பத்து வருடம் கழித்து வருகிற வருடத்தையும் எழுதிக் கொடுத்தார். இடது கை இன்னும் வலிக்கிறது, ஒரு கையால்தான் தட்டச்சு செய்திருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.